அப்பா நான்கு மணிக்கு எழுந்தது மரத்துக்காக

கடிதம் இதுதான்:

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்து (நம்மவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 37. செம்பனைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. கணவருக்கு ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட்; ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. மூத்தவன் இரண்டாம் படிவம், இளையவள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மாமியார் கூடவே இருக்கிறார். முழங்கால் வலியோடு மத்தியானச் சமையலை மட்டும் பார்த்துக்கொள்கிறார். இதற்கிடையே தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு, பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இந்தப் பருவத்தில் மூன்று பாடம் எடுத்து, இரண்டு இடுபணிகளை (அசைன்மெண்ட்) தாமதமாக அனுப்பி, மதிப்பெண் குறைந்துபோயிருக்கிறது.

"காலை 4.30க்கு எழுந்து படித்தால் 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஒன்பது நாள் எழுந்தேன். பத்தாவது நாள் தூங்கிவிட்டேன். அதோடு எல்லாம் போயிற்று. எங்கப்பா முப்பது வருஷம் நாலு மணிக்கு எழுந்து, பால் எடுக்கக் கித்தா (ரப்பர்) மரம் வெட்டியவர், ஒரு நாள் தவறினதில்லை. அவர் ரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது? நான் மட்டும் ஏன் இப்படிச் சோம்பேறியாகிவிட்டேன்?" என்று எழுதியிருக்கிறார். கேள்விகள் இரண்டு: தவறாமல் எழுவது எப்படி? முடியாதென்றால் படிப்பை நிறுத்திவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். மணிலா அட்டையில் நான்கு நிற மார்க்கரால் போட்ட கால அட்டவணை. கோடுகள் நேராக இருக்கின்றன, ஒரு கணக்குப் பிள்ளையின் கை. 4.30 படிப்பு, 5.45 பசியாறல், 6.40 பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது என்று தொடங்கி, இரவு 10.30 மறுபடி படிப்பு, 11.45 தூக்கம் என்று முடிகிறது. முதல் ஒன்பது கட்டங்களில் பச்சைச் சரி. பிறகு வெறும் கட்டங்கள். பதினான்காம் நாளில், அழித்துவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, பென்சிலில் சின்னதாக "நாளை முதல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பென்சில் எழுத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11.45க்குப் படுத்து 4.30க்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்கூட இல்லை. அப்படி ஒன்பது நாள் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். பத்தாவது நாள் நீங்கள் எழாததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை அம்மா, உடம்பு உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்பாவின் நான்கு மணி

என் அம்மாவும் மரம் வெட்டியவர். அதனால் இந்த நான்கு மணிக் கதை எனக்கும் தெரியும். ஆனால் அதன் பாதியை மட்டும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்துவிட்டோம்.

அப்பா நான்கு மணிக்கு எழுந்தது மரத்துக்காக. வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் கித்தா மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் வந்துவிட்டால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், பாலின் அழுத்தம் குறைந்துவிடும். மரம் அந்த நேரத்தைக் கேட்டது, தோட்டம் முழுவதும் அந்த நேரத்துக்கு எழுந்தது. லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டுக்காரர் விளக்கேற்றும்போதே நம் வீட்டில் விழிப்பு வந்துவிடும். பெரட்டில், அதாவது காலையில் ஆஜர் எடுக்கும் இடத்தில், பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் தண்டலுக்கு (மேற்பார்வையாளருக்கு) பதில் சொல்ல வேண்டும், அன்றைய சம்பளமும் போகலாம். கைக்குழந்தைகளை வாங்கிக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. பால் நிறுத்தாகி, மத்தியானத்துக்குள் வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டுப் பாயைப் போட்டால் ஒரு நல்ல தூக்கம். இரவு எட்டரைக்கெல்லாம் லயம் அடங்கிவிடும்.

அந்த மனிதர்களின் உழைப்பை நான் ஒரு இம்மிகூடக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் யாரும் மனவுறுதியை மட்டும் நம்பி எழவில்லை. எழுப்புவதற்கென்று ஓர் ஏற்பாடு அவர்களைச் சுற்றி இருந்தது. உங்களுக்கு அது இல்லை. நீங்களே தண்டலாக இருந்து பேர் கூப்பிட்டு, நீங்களே "ஆஜர்" சொல்லப் பார்க்கிறீர்கள். அது யாருக்கும் கஷ்டம்தான்.

இன்னொன்றும் என் மனதில் நின்றது. உங்கள் கடிதத்தில் அப்பா நான்கு இடத்தில் வருகிறார். அம்மா ஓரிடத்திலும் வரவில்லை. நான்கு மணிக்கு எழுந்த அப்பாவின் கையில் தூக்குச்சட்டி இருந்தால், அதில் சோறு போட்டவர் அதற்கும் முன்னால் எழுந்திருப்பார். இன்று நீங்கள் அப்பாவின் நேரத்தையும் அம்மாவின் நேரத்தையும் சேர்த்து ஓர் உடம்பில் நடத்த முயல்கிறீர்கள்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதே தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. தூக்கத்தைக் குறைத்தால் நேரம் கூடும் என்பது பார்வைக்குச் சரியான கணக்காகத் தெரியும். ஆனால் படித்தது மூளையில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். "ஒரே பக்கத்தை மூன்று தடவை படிக்கிறேன், ஏறமாட்டேன் என்கிறது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிட எனக்குப் பயம் தந்தது வேறொரு வரி: மோட்டார் சைக்கிளில் தோட்டத்து மண் சாலையில் போகும்போது கண் சொக்கியது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் பாதை அது. படிப்பு ஒரு பருவம் பிந்தினால் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது. அதனால் 4.30 என்ற வரியை அட்டையிலிருந்து இன்றே அடித்துவிடுங்கள்.

அதோடு, போதுமான அளவு தூங்கிய பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு அசதி விடவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். ரத்தச்சோகை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றுமே வெளியே சோம்பலாகத்தான் தெரியும். அட்டவணை போட்டு அவற்றைத் தீர்க்க முடியாது.

உங்கள் மாதத்துக்கு இரண்டு பருவம்

உங்கள் அட்டவணையில் 2ஆம் தேதிக்கும் 17ஆம் தேதிக்கும் ஒரே கட்டம், ஒரே நிறம். ஆனால் தோட்ட ஆபீஸ் அப்படி ஓடுவதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் மாதக் கடைசியிலிருந்து 7ஆம் தேதி வரை செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு), டன் கணக்கு, சம்பளப் பிடித்தங்கள் என்று உயிரை வாங்கும். தாமதமான அந்த இரண்டு இடுபணிகளும் எப்போது வரவேண்டியவை என்று தேதியைப் பார்த்தேன். ஒன்று 3ஆம் தேதி, மற்றொன்று 6ஆம் தேதி. உங்கள் "நிர்வாகக் குறை" முழுவதும் இந்த இரண்டு தேதிக்குள் அடங்கிவிடுகிறது.

பருவத் தொடக்கத்திலேயே இடுபணித் தேதிகள் கைக்கு வந்துவிடும். அன்றைக்கே உட்கார்ந்து, செக்ரோல் வாரத்தில் விழும் ஒவ்வொரு இடுபணிக்கும் உங்கள் சொந்தக் கெடுவை முந்தைய மாதம் 24ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 முதல் 7 வரை படிப்பு என்றால் பாடக்குறிப்பை ஒருமுறை புரட்டுவது, அவ்வளவுதான். அந்த நாட்களில் அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஓர் இடுபணிக்கு இரண்டு இரவு ஒதுக்கியிருக்கிறீர்கள். போன தடவை உண்மையில் ஐந்து இரவு ஆனதாக அதே கடிதத்தில் இருக்கிறது. இந்தத் தப்புக் கணக்கு எல்லாருக்கும் பொது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், முடிக்க 55 நாளுக்கு மேல் ஆனது. இனி ஆசைப்படுகிற நாளை எழுதாதீர்கள், போன தடவை ஆன நாளை எழுதுங்கள். ஐந்து இரவு என்றால் ஐந்து.

வேலை நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. செக்ரோல் வாரத்தில் இரவு ஏழு வரை இருக்கிறீர்கள், ஓவர்டைம் இல்லை, "மேனேஜர் நல்ல மனுஷன், கேட்கச் சங்கடமாக இருக்கிறது" என்கிறீர்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவர்களுக்கு, சாதாரண வேலை நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் உண்டு. அதே திருத்தம், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி செய்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே கேட்கத்தான் உரிமை, கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை.

ஓவர்டைம் உங்களுக்குச் சேர வேண்டிய பணம், நேர மாற்றம் ஒரு வேண்டுகோள். இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறக்கடித்துவிடுவார்கள். இப்போது உங்களுக்கு அவசரமாக வேண்டியது நேரம் என்பதால், 10ஆம் தேதிக்குப் பிறகு ஆபீஸ் ஓய்வாக இருக்கும் வாரங்களில் ஒரு நாள் முன்னதாகப் போக முடியுமா என்று முதலில் வாயால் கேளுங்கள், பிறகு எழுதிக் கொடுங்கள். சின்ன ஊர், சின்ன ஆபீஸ். முகம் சுளிப்பு வரலாம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எப்படியிருந்தாலும் இன்று முதல் தினமும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் உங்கள் சொந்த டைரியில் குறித்து வையுங்கள். நாளை தொழிற்சங்கத்திடமோ லேபர் ஆபீஸிலோ பேச நேர்ந்தால் அந்த டைரிதான் பேசும்.

வீட்டில் பேச வேண்டியது

உங்கள் அட்டவணையில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றுதான்: அதில் உங்கள் பெயர் மட்டுமே இருக்கிறது. ஐந்து பேர் வாழும் வீடு அது. கஸானா ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் ஒரு நாளில் 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிட்டதாகத் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் உங்கள் அட்டையைக் கூட்டினால் உங்களுக்கு மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது.

"அவரும் பாவம், ஷிப்ட் முடிந்து செத்துப்போய் வருகிறார், அவரிடம் குறை சொல்லக்கூடாது" என்கிறீர்கள். கேட்பது குறை சொல்வதாகாது. இத்தனை வருஷத்தில் நீங்கள் அவரிடம் எதையும் கேட்டதாகவே கடிதத்தில் இல்லையே! "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு நாள் உதவி வரும், மூன்றாம் நாள் நின்றுவிடும். வேலையின் பெயர் சொல்லி, அவர் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் காலையில் வீடு திரும்பும் வழியில் சந்தைச் சாமான் அவர் வேலை. பகல் ஷிப்ட் வாரத்தில் இரவுப் பாத்திரம் அவர் வேலை. பதினான்கு வயதுப் பையனுக்குத் துணி காயப்போடவும் மடிக்கவும் தெரிய வேண்டும், அது தங்கைக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் பாடமல்ல. ஆரம்பத்தில் கோணல் மாணலாகத்தான் மடிப்பான். பின்னாலேயே போய்ப் பிரித்து மடிக்காதீர்கள்.

மாமியாரிடம் மட்டும் புதிதாக எதுவும் கேட்காதீர்கள். அந்த முழங்காலோடு அவர் செய்வதே அதிகம்.

பெரட்டும் மழை நாளும்

இனி பழக்கம். 21 நாள் என்பது ஆய்வில் வந்த எண் இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், புதிய முகத்துக்குத் தம் நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவிதியாகிவிட்டது. பழக்கத்தை நேரடியாக ஆராய்ந்தவர் லண்டனைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி. அவரும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே வரும் நிலைக்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவான அளவு 66 நாள். அதில் உங்களுக்கு மிக வேண்டிய செய்தி, இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை என்பதுதான்.

இதைப் பெரட்டில் நின்றவர்கள் வேறு விதமாக அறிந்திருந்தார்கள். மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. அன்றைக்கு யாரும் "நான் தோற்றுவிட்டேன்" என்று மரம் வெட்டுவதை விட்டுவிடவில்லை. மறுநாள் வானம் வெளுத்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் அட்டையிலும் விட்டுப்போன நாளில் "ம" என்று போடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை, சும்மாவே முடியவில்லை, எதுவானாலும் "ம". இரண்டு "ம" அடுத்தடுத்து வந்தால் மூன்றாம் நாள் பத்து நிமிஷமாவது புத்தகத்தைத் திறந்து உட்காருங்கள்.

அட்டையும் வேறு மாதிரி இருக்கட்டும். காலை 5.15க்கு எழுங்கள், இரவு 10க்குப் படுங்கள். படிப்பு திங்கள், புதன், வியாழன் இரவு 8.30 முதல் 9.15 வரை போதும். சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் புத்தகம் என்று ஒரு வேலையோடு மற்றொன்றை முடிச்சுப் போடுங்கள். "முடிந்தால் இரவில் படிப்பேன்" என்ற நினைப்பைவிட "மேசை துடைத்ததும் படிப்பேன்" என்பது நன்றாக நிற்கும். பையன் அதே மேசையில் தன் வீட்டுப்பாடத்தோடு உட்காரட்டும். உங்களோடு அதே பாடம் எடுக்கும் கோலசிலாங்கூர்த் தோழியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 8.30க்கு இருவரும் புலனத்தில் (வாட்ஸ்அப்) "வந்தாச்சு" என்று ஒரு வார்த்தை போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பெரட்டு.

9.15 முதல் 10 வரை கைப்பேசியோ நாடகமோ, உங்கள் இஷ்டம். "ராத்திரி பதினொன்றுக்குப் போன் பார்க்கிற நேரம்தான் எனக்கென்று இருக்கிற நேரம், அதையும் விடணும்" என்று எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம். நாள் முழுக்க பிறருக்காக ஓடுகிறவர் தூக்கத்திலிருந்து திருடித்தான் தன் நேரத்தை எடுத்துக்கொள்வார். அதை முன்னால் நகர்த்தி வைத்தால் திருட வேண்டிய அவசியமில்லை. பத்து மணிக்குக் கைப்பேசி சமையலறையில் சார்ஜில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை "முழு நாளும் படிப்பு" என்பதை எடுத்துவிடுங்கள். இருக்கும் நேரம் அத்தனையையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று 1955இல் எழுதியவர் நார்த்கோட் பார்க்கின்சன். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். காலை 9 முதல் 11 வரை மட்டும், வீட்டுக்கு வெளியே, நூலகத்திலோ தோழி வீட்டிலோ படியுங்கள். பதினொன்றுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

படிப்பை நிறுத்தலாமா?

மேலே சொன்னதைக் கூட்டினால் வாரத்துக்கு நாலேகால் மணி நேரம் வருகிறது. உங்கள் பழைய அட்டையில் காலையும் இரவும் சேர்த்தே பதினேழரை மணி நேரம் இருந்தது, ஞாயிறு முழு நாள் தனி, ஆனால் அது தாளில் மட்டும். நாலேகால் மணி நேரத்தில் மூன்று பாடம் நடக்காது. இரண்டு பாடமென்றால், 8ஆம் தேதிக்கும் 24ஆம் தேதிக்கும் இடையே சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொண்டு ஒப்பேற்றலாம். பட்டம் ஓராண்டு பிந்தலாம். கட்டணம் எப்படிக் கணக்கிடுகிறார்கள், கல்விக்கடன் இருந்தால் அதன் காலக்கெடு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். முழுதாக நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. பாதி கடந்தவர்கள் "ஒரு பருவம் ஓய்வு" என்று எடுத்துவிட்டு, திரும்பி வரவே முடியாமல் போனதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது பெரிய நோய், அல்லது உங்கள் உடம்பே ஒத்துழைக்கவில்லை என்ற நிலை வந்தால் மட்டும் ஒத்திவைப்புக்கு எழுதுங்கள். அதையும் முறைப்படி எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சும்மா வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்த பருவப் பதிவு தொடங்குவதற்கு முன் ஒரு செக்ரோல் வாரம் வருகிறது. அதைத் தாண்டி, 8ஆம் தேதி அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை "ம" இருந்தாலும் மறைக்காமல் அனுப்புங்கள். எந்தப் பாடத்தை இறக்கலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து முடிவு செய்வோம்.